முந்திப் போட்ட பாத்தி

ஆவணி விடுமுறை முடிய இன்னும் மூன்று கிழமை இருந்தது. முடிந்ததும் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான் படிப்பிக்கப் போகவேண்டும். இடமாற்றக் கடிதம் வந்துவிட்டது. திங்கள் விடியப் போனால் வெள்ளி பின்னேரம்தான் வீடு. மகளுக்கு நாலரை வயது. அவளிடம் நானே சொல்கிறேன் என்று பொறுப்பெடுத்ததும் நான்தான், தள்ளிப்போட்டுக்கொண்டு திரிந்ததும் நான்தான்.

இந்த மூன்று கிழமையையும் அவளோடு ஆறுதலாக அனுபவிப்பது என்று முடிவெடுத்திருந்தேன். ஆறுதல் எனக்கு வராத பாடம். கொழும்புத்துறைக் கரையில் அவள் நண்டு பார்த்துக் குந்தியிருக்க, காலில் சுடுநீர் ஊற்றியவள் போல நான் பக்கத்தில் நிற்பேன். ஐஸ்கிறீம் கடையில் இருந்துகொண்டே அடுத்து எங்கே போகலாம் என்று கேட்பேன்.

"அம்மா, நான் இன்னும் குடிச்சு முடியேல்லை."

சோளகக் காற்றுக்குப் பின்வளவில் பனம்பழம் விழத் தொடங்கியது. ஒன்றைச் சுட்டுக் கொடுத்தேன். முகமெல்லாம் மஞ்சளாகச் சூப்பிவிட்டு, கொட்டையை என்ன செய்வது என்று கேட்டாள். மண்ணில் பாத்தி போட்டால் கிழங்கு வரும் என்றேன். வழக்கத்தில் கொட்டைகளைச் சேர்த்துவைத்து, மாரி தொடங்கும் நேரத்தில்தான் பாத்தி போடுவார்கள். அப்போது நான் இங்கே இருக்கமாட்டேன். அன்றைக்கே கிடைத்த கொட்டைகளை அடுக்கி மண் மூடினோம்.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் பார்த்துச் சிரித்தார். "என்ன பிள்ளை, மழையையும் நீரே கொண்டு வரப்போறீரோ?"

மழைக்குப் பதிலாக வாளியால் தண்ணீர் ஊற்றினோம். அடுத்த நாள் விடியவே மகள் ஒரு கொட்டையைக் கிண்டி எடுத்துவிட்டாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்கவேண்டும் என்று புத்தி சொல்ல எனக்கென்ன தகுதி? ஆனாலும் சத்தம் போட்டேன்.

"கிண்டிக் கிண்டிப் பாத்தால் வேர் விடாது. தொடாமல் விட்டால்தான் வரும்."

உதட்டைப் பிதுக்கினாள். அதன்பிறகு தொடவில்லை. காலையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பாத்தியைச் சுற்றி வருவாள்.

மருதனார்மடச் சந்தையில், போகிற இடத்தில் பாவிக்க எனக்கென்று பாயும் வாளியும் வாங்கினோம். ஆருக்கு என்று கேட்டாள். வீட்டுக்கு என்று பொய் சொன்னேன். என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

"இண்டைக்காவது பிள்ளைக்குச் சொல்லும்" என்பார் கணவர்.

"ஓம், சொல்லுறன்." ஒவ்வொரு நாளும் அதே பதில்தான்.

கடைசி ஞாயிறு, அவள் எழும்புமுன் பாத்தியடிக்குப் போனேன். முளையைக் காட்டிவிட்டுச் சொன்னால் அழமாட்டாள் என்று ஒரு நப்பாசை. ஓரத்தில் ஒன்றைக் கிண்டினேன். ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. மூன்றாவது கொட்டையில் நகமளவுக்கு வெள்ளையாக ஒரு முளை.

"தொடக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

பின்னால் நின்றாள். மண் கையோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், முல்லைத்தீவு, பஸ், திங்கள், வெள்ளி. அழுதது நான்தான்.

அவள் கொட்டையை என் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்து, மண்ணை மூடி இரண்டு கையாலும் தட்டினாள்.

"நான் தொடவேமாட்டன்" என்றாள். உதடு பிதுங்கத் தொடங்கியிருந்தது. "தொடாட்டில் நீங்கள் வெள்ளிக்கிழமை வருவியள்தானே?"