செங்கமலத்துக்கு ஒரு நியாயம், சுராயாவுக்கு ஒரு நியாயம்

பரக்கத் பீவி போன வருஷம் மௌத்தானாள். மய்யித்தைச் சுற்றி உட்கார்ந்து அழுத பெண்களில் பாதிப் பேர் சொன்னது ஒன்றுதான்: அவளைப் போலக் கதை படிக்க ஆள் கிடையாது, அந்தக் குரல் இனி வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் குரலை நிறுத்தியவர்களே இவர்கள்தான். மய்யித்து வீட்டில் சண்டை போடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அங்கே விழுங்கியதை இங்கே எழுதுகிறேன்.

பழவேற்காட்டில் எங்கள் தெருப் பெண்களுக்குப் பனங்குருத்தில் கூடை பின்னுவதுதான் பிழைப்பு. பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு கொட்டகை. சாயம் போட்ட ஓலை அங்கே வரும், கூடையும் தட்டுமாகப் பட்டணத்துக்குப் போகும். பரக்கத் எட்டாவது வரை படித்தவள். வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். படிக்கிற பசியை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. அவள் புருஷன் அமீர் ஜான் பொன்னேரி மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுபோகும்போதெல்லாம் ஒரு வாரப் பத்திரிகை வாங்கி வருவார். அதில் ஒரு மாயாஜாலத் தொடர்கதை. எழுபத்தேழிலோ எழுபத்தெட்டிலோ அதைக் கொட்டகையில் உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். படிக்கிற நேரத்தில் அவளுக்குக் கூலி போகுமே என்று பெண்களே ஓர் ஏற்பாடு செய்தார்கள். அவளுடைய கூடை கை மாறிப் போகும், ஆளுக்கு ஒரு சுற்றுப் பின்னுவார்கள். அத்தியாயம் முடியும்போது கூடையும் பாதிக்கு மேல் வந்திருக்கும். நல்ல மனசுதான் அது, இல்லையென்று சொல்லவில்லை.

கதையில் ஓர் இளவரசன் உண்டு. பறக்கும் குதிரை, மந்திரவாள், தங்க நிறம், எல்லாம் உண்டு. அவனை ஒருத்தியும் சட்டை செய்யவில்லை. அவன் பேச்சு வந்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போவார்கள். கொட்டகையே உயிரை விட்டது செங்கமலம் என்கிறவளுக்காக. அவள் மந்திரவாதியின் சமையற்காரி. இளவரசன் சோற்றில் மயக்கப் பொடி கலந்தவள் அவள்தான், அடுத்த வாரமே அவன் தங்கையை நெல் குதிருக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவளும் அவள்தான். திருடுவாள், பொய் சொல்வாள், யாரும் பார்க்காதபோது சிறையில் இருக்கிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவாள். பரக்கத் ஒருநாள் சொன்னாள், இளவரசன் நல்லவனாக இருக்க அவனுக்கு என்ன செலவு, சோறு யாரோ வடிக்கிறார்கள், துணி யாரோ துவைக்கிறார்கள்; செங்கமலத்துக்கு மேலே எஜமான், கீழே அடுப்பு, நடுவில் கிடைக்கிற சந்தில்தான் அவள் நல்லது செய்தாக வேண்டும் என்று. அந்தப் பெண்கள் எல்லோருக்கும் அது புரிந்தது. எல்லோருக்கும் ஓர் அடுப்பும் ஓர் எஜமானும் இருந்தார்கள்.

எனக்கு இருந்த எஜமான் என் புருஷன் மக்பூல். இறால் ஏவாரி. கை நீட்டாத நாள் குறைவு. தெருவுக்கே தெரியும். என் முகம் வீங்கி வந்தால், ஓலையை நீட்டிவிட்டுக் கதைக்குத் திரும்பிக்கொள்வார்கள்.

ஒரு வாரம் கதையில் கொடுமைக்காரத் தளபதி ஒருவன் வேலைக்காரிகளைச் சாட்டையால் அடித்தான். செங்கமலம் மந்திரவாதியின் மோதிரத்தை எடுத்துத் தளபதியின் இடுப்புத் துணியில் செருகிவிட்டு, அவன் திருடியதைக் கண்ணால் கண்டேன் என்று சத்தியம் செய்தாள். தளபதி பாதாளச் சிறைக்குப் போனான். கொட்டகையில் கைதட்டல் அடங்கவே இல்லை. எங்களில் மூத்தவளான ஜைத்தூன் மாமிக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. அதைத் திரும்பப் படி என்று கேட்டு மறுபடியும் கைதட்டினார்கள். என் தங்கை சுராயாவும் அங்கேதான் ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள். புருஷனை இழந்து என் வீட்டோடு இருந்தவள். அவள் கைதட்டவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த மாதமே ஏரியில் பாடு தகராறு வந்தது. எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பது பாடு. அதில் முறைப்பு முற்றி ஒரு குப்பத்து வலைகள் கொளுத்தப்பட்டன. அந்தக் குப்பத்தோடு மக்பூலுக்கும் விலைச் சண்டை இருந்தது. போலீஸ் விசாரித்தபோது சுராயா தானாகப் போய், கையில் மண்ணெண்ணெய் டின்னோடு அவரைப் பார்த்தேன் என்று சொன்னாள். வலை எரிந்த இரவு அவர் எங்கே இருந்தார் என்று எனக்குத் தெரியும். வீட்டில்தான் இருந்தார். என் இடது கையை முறித்துக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டார்கள், நான் வாய் திறக்கவில்லை. அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தமில்லை. அவர் உள்ளே போனார். நான் கட்டுப் போட்ட கையோடு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு வருஷம் கழித்து வலையைக் கொளுத்தியவன் வேறொரு தகராறில் பிடிபட்டு ஒப்புக்கொண்டான். மக்பூல் வெளியே வந்தார், சூளூர்பேட்டைப் பக்கம் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். இருட்டில் ஆளை மாற்றிப் பார்த்துவிட்டேன் என்று சுராயா சொன்னதைக் கோர்ட்டு விட்டுவிட்டது. தெரு விடவில்லை. பொய்ச்சாட்சி சொன்னவளோடு ஒரே பாயில் உட்கார மாட்டோம் என்று கொட்டகைப் பெண்கள் முடிவு கட்டினார்கள். அவள் பாயைச் சுருட்டி வாசலில் வைத்தார்கள். கொட்டகையில் இடமில்லாதவளுக்கு ஓலை கிடையாது. சுராயா இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போனாள். ஐஸ் தண்ணீரில் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, சோற்றைப் பிசைய முடியாமல் அழுதாள்.

பரக்கத் அவளிடம் போய், ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டாள். செங்கமலம் செய்தது தப்பில்லை என்று எல்லோரும் சொன்னீர்களே என்றாள் சுராயா. மறுநாள் பரக்கத் கொட்டகைக்குப் போய், சுராயா பாய் உள்ளே வரும்வரை ஒரு வரிகூடப் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஓலையைக் கையில் எடுத்தாள். வேறொருத்தியைப் படிக்க வைத்துப் பார்த்தார்கள். அவள் எழுத்துக் கூட்டிப் படித்ததில் செங்கமலம் செத்தே போனாள். கதையோ முடியப் போகிறது. கெஞ்சினார்கள், கோபித்தார்கள், பாயை மட்டும் உள்ளே விடவில்லை.

கடைசி அத்தியாயம் வந்த வாரம், படிக்கிறேன் என்று பரக்கத்தே சொன்னாள். சுராயாவையும், அவளோடு கொட்டகையை விட்டு நின்றுவிட்ட என்னையும் வாசலில் வந்து நிற்கச் சொன்னாள்.

அவள் அன்று படித்ததைப் போல என்றும் படித்ததில்லை. இளவரசன் ராஜாவாகிவிட்டான். மோதிரம் செருகிய சங்கதி வெளியே வந்துவிட்டது. தளபதி நியாயம் கேட்டு நிற்கிறான், செங்கமலம் தலைகுனிந்து நிற்கிறாள், இவளை என்ன செய்யலாம் என்று ராஜா சபையைக் கேட்கிறான். அந்த இடத்தில் பத்திரிகையைத் தாழ்த்தி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று பரக்கத் கேட்டாள்.

"இன்னாத்த கேக்குற," என்றாள் ஜைத்தூன் மாமி. "அடி வாங்குறவ கையில இன்னா இருந்துச்சு? வாய்தான் இருந்துச்சு. அத வச்சி அடிச்சா. அவள வுட்டுடணும்."

ஆமாம், விட்டுவிட வேண்டும் என்றார்கள் எல்லோரும். இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

பரக்கத் வாசல் பக்கம் திரும்பினாள். "கேட்டியா சுராயா, வுட்டுடணுமாம். உள்ள வந்து குந்து."

சுராயா உள்ளே போய் நின்றாள். ஒருத்தியும் முழங்காலை மடக்கி இடம் விடவில்லை. அவள் பழைய இடத்துக்குப் பக்கத்தில் இருந்தவள், ஓலைக்கட்டை எடுத்து அங்கே வைத்தாள். வாசலில் நின்ற எனக்கு அந்தக் கட்டோடு கொட்டகையையே கொளுத்த வேண்டும் போல இருந்தது.

"கத வேற, குடும்பம் வேற பரக்கத்து," என்றாள் மாமி. "அது புக்குல நடக்குறது."

"புக்குல நடந்தப்ப கை தட்டுனீங்க. இவ அத நம்பிட்டா." பரக்கத் வாசலில் நின்ற என் பக்கம் கையை நீட்டினாள். "ஆமினா கை ஒடஞ்சி வந்து குந்துனாளே, அத எல்லாரும்தான பாத்தீங்க. புக்குல இருந்திருந்தா அவளுக்கும் அழுதிருப்பீங்க."

பரக்கத் பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பாதி பின்னிய தன் கூடையைப் பக்கத்தில் இருந்தவள் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள். சுராயாவின் கையைப் பிடித்து வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள்.

பின்னாலிருந்து ஜைத்தூன் மாமி கூப்பிட்டாள். "பரக்கத்து, ராஜா இன்னா தீர்ப்பு சொன்னார்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

பரக்கத் திரும்பிப் பார்க்கவில்லை. "இப்ப நீங்க இவளுக்கு எடமில்லன்னீங்களே, அதான்," என்றாள்.