பென்சிலில் எழுதிய வருஷங்கள்

அப்போது உத்திரமேரூரில் நான் ரேடியோ செட் வைத்திருந்தேன். செட் என்றால் பாட்டுத் தட்டு சுற்றும் பெட்டி, ஆம்ப்ளிஃபயர், லாரி பேட்டரி, இரண்டு குழாய், டிரங்குப் பெட்டி நிறையத் தட்டுகள். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் குழாயை மரத்தில் கட்டிவிடுவேன். மற்ற செட்டுக்காரர்கள் கைக்கு வந்த தட்டைப் போடுவார்கள். நான் அப்படி இல்லை. சாமிப் பாட்டு முடிந்ததும் ஆகப் பழைய பாட்டில் ஆரம்பித்து, வருஷம் வருஷமாக மேலே வருவேன். பந்தி போடும்போதுதான் புதுப் பாட்டு. கழனியில் நிற்கிறவர்கள்கூடப் பாட்டை வைத்தே, "இல போட்டுட்டாங்க, கெளம்பு" என்பார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

உண்மையில் அந்த வரிசை என் மனைவியுடையது. ஐந்தாவது வரை படித்தவள். ஒவ்வொரு தட்டின் காகித உறைமேலும் பென்சிலால் வருஷம் எழுதிவைப்பாள். எண் எல்லாம் கிடையாது. 'ஏரி ரொம்பிக் கலங்கல் போன வருசம்', 'செவல மாடு கன்னு போட்ட வருசம்', 'நான் இந்த வூட்டுக்கு வந்த வருசம்' என்றுதான் இருக்கும். டெண்டுக் கொட்டகைக்குப் படம் வந்து, அவள் காதில் பாட்டு எப்போது விழுந்ததோ அதுதான் அந்தப் பாட்டின் வருஷம். விசேஷத்துக்கு முதல் நாளே பெட்டியை அடுக்கிக் கொடுத்துவிடுவாள். மேலிருந்து எடுத்துப் போடுவது மட்டும்தான் என் வேலை.

ஒரு தடவை தட்டுக்கு ஊசி வாங்கப் பட்டணம் போன இடத்தில், பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகம் கிடைத்தது. தட்டு கம்பெனி அச்சடித்தது. தட்டின் எண்ணைத் தேடினால் பாட்டு எந்த வருஷம் பதிவானது என்று தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து ஒத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் தப்பு. எங்கள் டெண்டுக்குப் படம் வந்து சேரவே இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்பது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

அவள் ஏரிக்குத் துணி துவைக்கப் போயிருந்தாள். ரப்பரை எடுத்து உட்கார்ந்தேன். எல்லா உறையையும் சுத்தமாக அழித்து, புத்தகத்தில் இருந்த வருஷத்தை மையால் எழுதிவிட்டேன். ஈரத் துணியோடு வந்து நின்றாள்.

"இன்னா பண்ணிக்கினு கீறே?"

"எல்லாம் தப்பா கீது. நீ இந்த வூட்டுக்கு வந்த வருசம்னு எய்தி வச்சியே, அந்தப் பாட்டு அதுக்கு மூணு வருசம் முன்னாடியே பாடினது. அப்போ நீ சாலவாக்கத்துல பாவாட கட்டிக்கினு சுத்திக்கினு இருந்தே."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அவங்க எப்போ பாடுனா எனக்கு இன்னா? நான் எப்போ கேட்டேன்னு எய்தி வச்சேன். என்னுத அயிக்கிறதுக்கு நீ யாரு?"

மறுநாள் காலை பஸ்ஸில் சாலவாக்கத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஆடி மாதம் என்பதால் ஆடிக்கு வந்திருக்கிறாள் என்று என் மாமியார் ஊருக்குச் சொல்லிவைத்தார். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆனவளுக்கு என்ன ஆடி? ஆடியும் போய் ஆவணி பாதி ஆனது. இரண்டு முறை போய்க் கூப்பிட்டேன். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பி வராமலே இருந்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் அவள் அம்மா வீட்டுத் தெருவிலேயே ஒரு காதுகுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கம்பெனி புத்தகத்தை வீட்டிலேயே வைத்துப் பூட்டினேன். அவள் வரிசையை ஞாபகத்திலிருந்து ராத்திரியெல்லாம் அடுக்கினேன். போனதும் ஒரு குழாயைப் பந்தலுக்கும், இன்னொன்றை என் மாமியார் வீட்டுக்கும் நேராகத் திருப்பிக் கட்டினேன். தெருவே பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும்.

முதல் நாலைந்து தட்டு சரியாகவே வந்தது. மாமியார் வீட்டுக் கதவு அசையவில்லை. அடுத்து வரவேண்டியது ஏரி கலங்கல் போன வருஷத்துப் பாட்டு. அது என்று நினைத்து ஒன்றைப் போட்டேன். பாதிப் பாட்டில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேராக என் மேஜைக்கே வந்துவிட்டாள்.

"யோவ், இதுவாய்யா கலங்கல் போன வருசம்? டெண்டுக் கொட்டாயில கணுக்கால் தண்ணி. படம் முடியிற வரைக்கும் என் செருப்பக் கையில புடிச்சிக்கினு நின்னியே, அப்போ கேட்டது இதுவா?"

எனக்கு அந்தத் தண்ணீரும் ஞாபகம் இல்லை, செருப்பும் ஞாபகம் இல்லை. அதை எழுதிவைத்திருந்தவள் அவள். அழித்துவிட்டு உட்கார்ந்திருந்தவன் நான். அத்தனை பேர் நடுவில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தப்புதான். நீயே எடுத்துக் குடு" என்றேன்.

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள், நான் போட்டேன். அன்றைக்குப் பந்திப் பாட்டு சரியாக இலை போடும்போது வந்தது.

சாயங்காலம் குழாயை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, "பென்சில் கீதா?" என்று கேட்டாள். சட்டைப் பையிலிருந்து கொடுத்தேன். கடைசித் தட்டின் உறையில் ஏதோ எழுதிப் பெட்டிக்குள் போட்டாள். பிறகு வீட்டுக்குள் போய்த் துணிப் பையை எடுத்துவந்து, என்னைக் கேட்காமலே வண்டியில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் முகத்தைக் கழனிப் பக்கமே திருப்பி வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்புப் பற்றவைக்கப் போன நேரம் பார்த்து அந்த உறையை எடுத்தேன். கம்பெனிக் கணக்குப்படி அது மூன்று வருஷம் முன்பே பாடிய பாட்டு. மையால் நான் எழுதிய எண்ணைக் குறுக்கே அடித்துவிட்டு, அதற்குக் கீழே எழுதியிருந்தாள்:

'கோவம் தீராமலே வூட்டுக்கு வந்த வருசம்.'