அவள் கண் சிமிட்டவில்லை

பொய் எழுதினேன். ஒரு பெண்ணின் கண்ணைப் பற்றித் தெரிந்தே பொய் எழுதினேன். "தவறு நேர்ந்துவிட்டது" என்று எனக்காக நீங்கள் மென்மையாகச் சொல்ல வேண்டாம். அது நேரவில்லை, நான் செய்தேன்!

மதுரையில் ஒரு கண் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தேன். கருவிழியைத் தொடாமலே அதன் விறைப்பை அளக்கும் கருவி என்னுடையது. மெல்லக் காற்றை ஊதினால் கருவிழி அதிரும். அந்த அதிர்வை ஒளி படம்பிடிக்கும். அதிர்வு மெதுவாகப் பரவினால் கருவிழி தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

நலமான கண்கள் கொண்ட இருபது பேர் எனக்குத் தேவை. பத்தொன்பது பேர் கிடைத்திருந்தார்கள். இருபதாவதாக வந்தவள் வாடிப்பட்டி பாண்டிமீனா. காவலர் வேலைக்குக் கண்ணாடி இல்லாத பார்வை வேண்டுமென்று லேசர் சிகிச்சைக்கு வந்தவளை, மருத்துவர் முதலில் என்னிடம் அனுப்பினார்.

இடது கண்ணை மூன்று முறை அளந்தேன். இரண்டு முறை தளர்வு. ஒரு முறை மட்டும் சரி.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு... வரைபடத்துக்கு ஒத்துவராத அளவைக் "கண் சிமிட்டினார்" என்று எழுதித் தள்ளிவிடுவோம். அந்த இரண்டையும் அப்படித்தான் தள்ளினேன்.

"ரெண்டு தடவ சிமிட்டிட்டியேம்மா."

"இல்லண்ணே! நீங்க சொன்ன மாதிரி முழிச்சுக்கிட்டுத்தேன் இருந்தேன்."

மற்ற சோதனைகள் இரண்டுங்கெட்டானாக இருந்ததால் மருத்துவர் தொலைபேசியில் கேட்டார்: "ஒங்க மெஷின்ல எப்படிப்பா இருக்கு?"

"நார்மல் சார்."

எதற்காக? இருபதாவதாக இன்னொரு ஆளைத் தேடச் சோம்பல்! வேறென்ன? யார் என் கழுத்தில் கத்தி வைத்தார்கள்? இன்று யாராவது "டாக்டர்" என்று என்னை அழைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. எரிச்சல் அவர்கள் மேல் இல்லை...

தளர்ந்த கருவிழியை லேசர் இன்னும் மெலிய வைத்தது. ஓராண்டுக்குள் முன்னால் புடைத்துவிட்டது. இப்போது அந்தக் கண்ணுக்கு ஒரு விளக்கு மூன்றாகத் தெரிகிறது, கண்ணாடியும் உதவவில்லை. காவலர் வேலை கிடைக்காமலே போயிற்று. "கண்ணைக் கசக்கியிருப்பாய்" என்று மருத்துவமனையில் யாரோ சொல்ல, அவளும் நம்பிவிட்டாள்.

சென்ற மாதம் மாட்டுத்தாவணித் தேநீர்க் கடையில் என் குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நாந்தேண்ணே கசக்கிக் கெடுத்துக்கிட்டேன். எங்கம்மா தெனமும் திட்டுது. நீங்கள்லாம் எம்புட்டுப் பாத்துப் பாத்துச் செஞ்சீங்க!"

அப்போதாவது வாயைத் திறந்தேனா என்று கேட்கிறீர்களா? திறந்தேன்...

"இனிமேலாவது கசக்காதம்மா," என்றேன்.

"மாட்டேண்ணே," என்று எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்.