பங்களா முற்றத்து நிழல் பாத்தி

டிரங்குப் பெட்டியின் அடியில் சாக்குத் துண்டில் சுற்றிக் கிடந்த கவ்வாத்துக் கத்தியை என் மருமகள் போன வாரம் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, வாசல் பாத்திக்கு இது ஆகுங்களா?" என்று கேட்டாள். மாத்தளை டவுனில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு முன்னால் ஒரு பாத்தி உண்டு. பாதிக்கு மேல் அடுத்த வீட்டுப் பலாமரத்தின் நிழல். வருஷக்கணக்கில் யாரும் கவனிக்காமல் புல் மண்டி, நடுவே நாலைந்து செவ்வரத்தைப் பூஞ்செடிகள் மட்டும் வெயிலைத் தேடிச் சாய்ந்துகொண்டு நிற்கின்றன. அதைத் திருத்தி வைக்க அவளுக்கு ஆசை. கத்தியின் வளைந்த அலகில் துரு ஏறியிருந்தது. பிடியில் மட்டும் இன்னமும் ஒருவருடைய கைத்தேய்மானம். ஆகும் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கத்தி, வெள்ளைக்காரத் தொரையின் பங்களாவில் பூந்தோட்டம் பார்த்த தோட்டக்காரருடையது. அப்போது நான் மலைமேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிஸ்பென்சர். சனங்கள் டாக்டரையா என்பார்கள். கொயினா, பேதி உப்பு, ஒரு இருமல் தண்ணீர், இவ்வளவுதான் டாக்டரையாவின் வித்தை. தோட்டக்காரர் அதற்கு முன்னால் கவ்வாத்து ஆள். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு ஒரே வீச்சில் வெட்டி விடுவதில் அந்த மலையில் அவருக்கு ஈடு இல்லை. அவருடைய சம்சாரத்துக்கு இளைப்பு. மழைக்காலத்தில் சுவரே வியர்க்கிற, கூலிச் சனங்கள் குடியிருக்கும் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் அந்த அம்மா படுத்துத் தூங்கினதில்லை. இரவெல்லாம் உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடுவார். பங்களாவில் தோட்ட வேலைக்கு ஆள் தேடியபோது இவர் ஓடிப்போய்க் கேட்டு வாங்கியதற்குக் காரணம் சம்பளம் அல்ல. குசினிக்குப் பின்னால் ஒரு அறை கொடுப்பார்கள். அதன் ஒரு சுவர் குசினி அடுப்போடு சேர்ந்தது; மழையிலும் காய்ந்து சூடாக இருக்கும். குடி வந்த பத்தாம் நாள் அந்த அம்மா காலை நீட்டிப் படுத்துத் தூங்கினார் என்று சொல்ல, தோட்டக்காரர் வேலையை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். "மருந்து எங்கிட்ட இல்லப்பா, அந்தச் செவத்துலதான் இருக்கு. அத விட்றாத" என்றேன். என் உத்தியோகத்தில் நான் சொன்ன ஒரே உருப்படியான வைத்தியம் அதுதான்.

அந்த அறையை விடாமல் இருப்பது ஒரு பாத்தியைப் பொறுத்ததாகிவிட்டது. வைத்தியத்துக்காகக் கொழும்புக்குப் புறப்பட்ட தொரைசாணி, தொரையின் மனைவி, பங்களா முன்முற்றத்துப் பாத்தியைக் காட்டி, டிசம்பரில் நத்தார் பண்டிகைக்குத் திரும்பி வரும்போது இது பார்க்கிற மாதிரி இருந்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லிவிட்டுப் போனார். பாத்தியின் ஒரு பக்கம் பெரிய சவுக்கு மரங்களின் நிழல், மறுபக்கம் வெயில். நிழலில் ஏழு செடிகள் ஆள் உயரத்துக்கு நெடுநெடுவென்று, தண்டெல்லாம் பாசி பிடித்து நின்றன. கமேலியா என்பார் தொரைசாணி. கல்யாணமாகி வந்தபோது தாய்வீட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்த கன்றுகள். இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் தோட்டக்காரர் சிரித்தார். "ஐயா, இது நம்ம தேயிலைக்கு ஒடம்பொறப்புங்க. எனக்கா தெரியாது?"

அவர் சொன்னது உண்மை. அதுதான் வினையாகவும் முடிந்தது. வேலையில் அவர் குறை வைத்தார் என்று யாரும் சொல்ல முடியாது. வெயில் எந்த நேரத்தில் எதுவரை வருகிறது என்று குச்சி நட்டுப் பார்த்தார். ஓடையோரத்து ஈர நிழலில் வளரும் பன்னச் செடிகளைப் பெயர்த்து நிழலோரம் வைத்தார். வெயில் பக்கம் டேலியாவும் செவ்வந்தியும் நட்டார். புரட்டாசிக் கடைசியில் கவ்வாத்துச் சாமிக்குச் சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, அந்த ஏழையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டினார். பூஞ்செடிக்குச் சாமி கும்பிடுகிறான் பார் என்று பங்களாச் சமையற்காரர் அப்பு கேலி செய்தார். பிறகு, மலையில் செய்கிற வழக்கப்படியே, வெட்டின கிளைகளை வெட்டுவாய் மேலேயே பரப்பி மூடினார். வெயில் பட்டால் மரம் வெந்துபோகும் அல்லவா? ஏழாவது செடிக்கு வந்தபோது கிளை தீர்ந்துபோனது. பக்கத்தில் நின்ற நான், "பலே!" என்றேன். நிழலுக்குள் எந்த வெயிலுக்குப் பயந்து மூடுகிறோம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. தேயிலை பூத்தால் கங்காணி திட்டுவான்; இலைக்காகவே வெட்டிப் பழகின கை அது. நத்தாருக்கு மலர வேண்டிய மொட்டெல்லாம் வெட்டின கிளையோடு போனதும் எங்களுக்குத் தெரியவில்லை.

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை விடவில்லை. தளிர் கிளம்பட்டும், பிறகு மூடியை எடுக்கலாம் என்று அவர் காத்திருந்தார். தொரைசாணி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் எடுத்துப் பார்த்தபோது, உள்ளே தண்டுகள் கறுத்து, வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. வெயில் பக்கத்து டேலியாக்கள் கூடை கூடையாகப் பூத்து நின்றன. தொரைசாணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஏழு கட்டைகளையும் பார்த்து நின்று, ஒரு வார்த்தை திட்டாமல், அழுதுகொண்டே உள்ளே போனார். திட்டியிருந்தால் காலில் விழுந்திருக்கலாம். வேலை போயிற்று; நத்தாருக்கு முந்தின நாள் தோட்டக்காரரும் சம்சாரமும் மூட்டை முடிச்சோடு லயத்துக்கு இறங்கினார்கள்.

அந்தக் காம்பராவில் கூரை ஒழுகியது. பங்களாவுக்குப் போய்த் தொரையிடம் அந்த அறைக்காக நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, என் வேலைக்குப் பயந்தேன். அதற்குப் பதிலாகத் தோட்டக்காரரிடம், "கதவச் சாத்தி வையி. கம்பளிய எடுக்காம நல்லாப் போத்தி வையி" என்று சொல்லிவிட்டு இருமல் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன். தோட்டத்தில் கொடுக்கிற அந்தக் கம்பளி ஒரு தரம் நனைந்தால் மழைக்காலம் முடியும்வரை காயாது. அவர் நான் சொன்னபடியே செய்தார். பொங்கலுக்கு நாலு நாள் இருக்கையில் அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். தூக்கும்போது கம்பளியிலிருந்து வந்த வாடை இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது.

மாசியில் பங்களா அப்பு சொல்லி அனுப்ப, நாங்கள் இருவரும் போய்ப் பார்த்தோம். ஆறு கட்டைகளும் செத்திருந்தன. கிளை போதாமல் மூடாமல் விட்ட ஏழாவதன் அடியில் செந்தளிர், இரண்டு இலை. தோட்டக்காரர் குந்தி அதைத் தொட்டுப் பார்த்தார்.

"மூடாம விட்டிருந்தா ஏழும் பொழச்சிருக்குங்க, ஐயா" என்றார். பிறகு, "அவளயும் மூடி மூடித்தானே வச்சேன்" என்றார்.

அந்த அம்மாவை மூடி வைக்கச் சொன்னவன் நான். அவர் கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு, மறுநாளிலிருந்து புல்லுவெட்டுக்குப் போனார். சாகும்வரை கவ்வாத்துப் பக்கம் போகவில்லை.

நேற்று மருமகள் அந்தக் கத்தியைத் தீட்டிச் செவ்வரத்தைகளை வெட்டினாள். நன்றாகத்தான் வெட்டினாள். வெட்டின கிளைகளைச் செடி மேலேயே போட்டுவிட்டு உள்ளே போனதும், நான் எழுந்து போய் ஒவ்வொன்றாக எடுத்து வேலியோரம் போட்டேன். தூறல் விழ ஆரம்பித்தது. "என்னங்க மாமா இது, இந்தக் குளிர்ல? இதப் போத்திக்கங்க" என்று அவள் கம்பளியோடு ஓடி வந்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். போர்த்திக்கொள்ள முடியவில்லை.