படகை இறக்கிய சிவப்பு சேமியா

போன வாரம் எங்கள் வீட்டில் ஆயுத பூஜை. அருவாமணைக்குப் பொட்டு. கத்திக்குப் பொட்டு. மிக்ஸி, கிரைண்டர், தேங்காய் துருவி... எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பொட்டு வைத்துவிட்டால் மறுநாள் பூஜை முடிகிற வரை தொடக்கூடாது. இது என் மாமியாரின் சட்டம்.

"அப்போ சமையல் எப்படி அத்தை?" என்று கேட்டேன்.

"அடுப்புக்கு நான் பொட்டு வெக்கலியே. ஒனக்கும் வெக்கல. போய் ஆக்கு."

ஆக, வீட்டில் இருக்கிற எல்லா ஆயுதத்துக்கும் லீவு. எனக்கு மட்டும் டியூட்டி.

வேறு யாராவது இருந்தால் எலுமிச்சம்பழச் சாதம் கிளறி வேலையை முடித்திருப்பார்கள். ஆனால் பழத்தை எதால் நறுக்குவது? அது போக, இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். பண்டிகை என்று வந்துவிட்டால் எனக்கு ஒரு 'தீம்' வேண்டும். சுதந்திர தினத்துக்கு மூவர்ணச் சாதம் செய்தேன். என் வீட்டுக்காரர் குமார் தட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "கொடிய எப்படிமே மெல்றது?" என்று ஊறுகாயும் பழையதும் சாப்பிட்டுப் போனார். காதலர் தினத்துக்கு இதய வடிவில் வடை. மாமியார் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருடி இத ஓரமா கடிச்சி வெச்சது?" என்று கேட்டார். இப்படிப்பட்ட ரசிகர்களை வைத்துக்கொண்டுதான் நான் கலை வளர்க்கிறேன்.

இந்த முறை தீம் தேட வேண்டியிருக்கவில்லை. கரையில் புதுப் படகு நின்றுகொண்டிருந்தது.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரியில் யார், என்றைக்கு, எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதற்கு ஊரில் முறை உண்டு. அதைப் 'பாடு' என்பார்கள். விஜயதசமி அன்று குமாருக்குப் பாடு. இறால் வருகிற சமயம் வேறு. அன்று காலை, எளாவூர் ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்தில், சூடம் ஏற்றி, பூசணிக்காய் உடைத்துப் புதுப் படகைத் தண்ணீரில் இறக்கி, அதிலேயே வலை கட்டப் போவதாக ஏற்பாடு. முதல் இறக்கம் கோணலாகப் போனால் அந்தப் படகுக்கு ராசி இல்லை என்று பேர் வந்துவிடும். பிறகு கூட வர ஆள் கிடைக்கமாட்டார்கள். ஆள் இல்லாத படகு எதற்கு, கோழி அடைக்கவா? அதனால் குமாருக்கு ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை.

பூஜை அன்று காலை படகுக்கு மாலை போட்டு, மாவிலைத் தோரணமும் கட்டினோம். கட்டிய அரை மணியில் பாதி மாலையை ஆடு தின்றுவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்ற குமார் படகுக்கே போய்க் காவல் உட்கார்ந்துவிட்டார்.

நான் அடுப்பங்கரைக்கு வந்தேன். முதல் நாள் அரைத்த மாவில் நீளமாக முறுகல் தோசை வார்த்து மடக்கினேன். படகு ரெடி. அப்பளத்தைச் செருகினேன், பாய். உள்ளே வலை வேண்டாமா? அதற்குத்தான் மீஞ்சூர் கடையில் வாங்கி வைத்திருந்த கொரியா நூடுல்ஸ். கத்தி வேண்டாம், மிக்ஸி வேண்டாம், வெந்நீர் போதும். பூஜை நாளாயிற்றே என்று பச்சைப் புள்ளி போட்டிருக்கிறதா எனப் பார்த்துத்தான் வாங்கினேன். பக்கத்திலேயே மூன்று மிளகாய் வரைந்திருந்தது. அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மாமியார் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"இன்னாடி இது, செவப்பு சேமியா?"

"வலை அத்தை. படகுல வலை."

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து என் சமையலுக்கு அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. "என் புள்ள படகு மாரியே கீது" என்று சொல்லிக்கொண்டே வலையைக் கை நிறைய அள்ளி வாயில் போட்டார். இன்னொரு கை. அந்த நூடுல்ஸில் ஒரு சூழ்ச்சி... முதலில் இனிக்கும். கொஞ்சம் பொறுத்துத்தான் தன் வேலையைக் காட்டும்.

காட்டியது. மாமியார் எழுந்தார். வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது. நான் மோர் எடுக்க உள்ளே ஓட, அவர் வாயில் வாயில் அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

வாசலில் பக்கத்து வீட்டு தேவகி அக்கா. "இன்னா அத்தே, இன்னா ஆச்சி?" என்று பதறியிருக்கிறார். மாமியார் கையை நீட்டி முருங்கை மரத்தடியில் இருந்த தண்ணீர்க் குடத்தைக் காட்டியிருக்கிறார். குடத்துக்கு நேர் பின்னால் ஏரி.

புதுப் படகு. பெற்றவள் வாயில் அடித்துக்கொண்டு அழுகிறாள். ஏரியைக் கை காட்டுகிறாள். கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? தேவகி அக்கா தெருமுனையிலிருந்தே கூவிக்கொண்டு கரைக்கு ஓடினார். "ஆளு தண்ணியில போயிட்டான், படக எறக்குங்கடா."

இப்படி ஒரு கூவல் கேட்டால் எங்கள் ஊரில் யார், எவர் என்று எவனும் நின்று கேட்கமாட்டான். முதலில் படகைத் தள்ளு, பிறகு கேள். அதுதான் வழக்கம். பூஜை, பொட்டு, மாலை, ஜோசியர் எல்லாம் அப்புறம்.

நான் மோர்ச் சொம்போடு வெளியே வந்தபோது தெருவே கரைப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் குடத்தோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் இல்ல, காரம்தான்" என்று கத்திக்கொண்டே, சொம்பை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நானும் தெருவின் பின்னால் ஓடினேன். யார் கேட்கிறார்கள்?

கரைக்குப் போனேன். எங்கள் படகு நின்ற இடம் காலியாக இருந்தது. மணலில் பிய்ந்த மாலை. பக்கத்தில் குமாருடைய செருப்பு.

காரணம் நூடுல்ஸ் என்று எனக்குத் தெரியும். ஊரைக் கிளப்பிவிட்டதே என் தோசைப் படகு என்றும் தெரியும். ஆனாலும் அந்தச் செருப்பைப் பார்த்ததும் எனக்கே ஒரு சந்தேகம். ஒருவேளை நிஜமாகவே போய்விட்டாரோ? மணலில் அப்படியே உட்கார்ந்து அழுதேன். நான் அந்த நூடுல்ஸை ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

போன் அடித்தது. குமார்.

"இந்தா, யாரோ தண்ணியில போயிட்டானாம். நாங்க தேடிக்கினு கீறோம். அம்மாகிட்ட சொல்லாத, பயந்துக்கும்."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "யாரைங்க தேடுறீங்க?"

"தெரில, இரு." பக்கத்துப் படகைப் பார்த்து அவர் கூவுவது கேட்டது. "டேய், யாருடா ஆளு?"

தூரத்திலிருந்து ஒரு குரல். "குமாருதான்னு தேவகி அக்கா சொல்லிச்சி."

இன்ஜின் சத்தம் நின்றது. பிறகு குமார் மெதுவாகச் சொன்னார்: "என்னத்தானாம்."

எல்லாப் படகும் திரும்பின. சிரிப்பும் திட்டும் ஓய்ந்த பிறகுதான் எல்லோருக்கும் அந்த விஷயம் உறைத்தது. புதுப் படகு இறங்கிவிட்டது. சூடம் இல்லை, பூசணிக்காய் இல்லை, நேரம் பார்க்கவில்லை. மறுநாள் கூட வருவதாக இருந்த செல்வம் தலையைச் சொறிந்தார். "மொத எறக்கமே இப்படி ஆயிடுச்சே குமாரு..." அவரோடு வரவிருந்த மற்ற இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். குமார் முகம் செத்துப்போனது. பாடு போச்சு, படகும் போச்சு, எல்லாம் என் தீமால்.

அப்போது மாமியார் வந்து சேர்ந்தார். உதடு வீங்கி, கண் சிவந்து, கையில் என் மோர்ச் சொம்போடு. நேரே மகனிடம் போய்த் தோளைத் தொட்டுப் பார்த்தார். படகையும் தொட்டுப் பார்த்தார். பிறகு செல்வத்தின் பக்கம் திரும்பினார்.

"உசுரு போவுதுன்னு கூவல் கேட்டு ஓடன படகுடா இது. எவனத் தேடிப் போச்சோ அவனையே ஏத்திக்கினு வந்து நிக்குது. இதுக்கு மேல இன்னா நல்ல நேரம்? எந்த ஜோசியன் இத குறிச்சிக் குடுப்பான்?"

செல்வம் யோசித்தார். "அதுவும் செரிதான் அத்தே" என்றார். "வெடிகாத்தால வந்துர்றோம்."

மாமியார் சொம்பை என் கையில் கொடுத்தார். "பாவம், பசங்க எவனும் சாப்புடல. அந்தச் சேமியா இன்னும் கீதா?"

இருந்தது. இருந்த பாக்கெட்டையெல்லாம் கொதிக்கவிட்டேன். எச்சரித்தேன், யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் வாசல் முழுக்க ஆம்பளை, பொம்பளை வித்தியாசமில்லாமல் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார்கள். தேவகி அக்கா தேம்பினார். செல்வம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். நடுவில் குமார் தோசைப் படகைப் பிட்டுத் தின்றுகொண்டு, எல்லோரையும் திருப்தியாகப் பார்த்தார்.

"உசுரோட கீறப்பவே ஊர் அழுவறதப் பாக்க குடுத்து வெச்சிருக்கணும்மே."