மரியகுழந்தையின் கருவாட்டுப் பொட்டலம்

கோலார் தங்கவயலில், ஊரிகத்தில், ஒரு வெள்ளைக்காரச் சுரங்கக் கேப்டன் பங்களாவில் மரியகுழந்தை மூன்று வருஷமாக ஆயா. புருஷன் ஏசுபாதம் வாந்திபேதியில் போன பிறகு கிடைத்த வேலை அது. 1899இல் கேப்டனின் மனைவிக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் அடித்தது. சீமைக்குப் போனால்தான் உடம்பு தேறும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேப்டனுக்கு லீவு இல்லை. இரண்டு வயசுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மரியகுழந்தை துரைசாணியோடு கிளம்பினாள்.

ரயிலேறும் அன்று தங்கச்சி ஜெபமாலை நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைத் தகரப் பெட்டிக்குள் திணித்தாள். "அந்த ஊர்ல இன்னா கெடைக்குமோ, வச்சிக்கோக்கா."

மரியகுழந்தை அதை வெளியே எடுக்கப் போனாள். ஒரு தரம் பங்களாவின் பின்கட்டில் அவள் கருவாடு சுட்டபோது துரைசாணி குமட்டி வாந்தி எடுத்தாள். "இன்னொரு வாட்டி இந்த நாத்தம் வந்தா நீ வேலைக்கு வேணாம்" என்று மரியகுழந்தையிடம் கற்ற தமிழிலேயே சொல்லியும் இருந்தாள். ஆனாலும் தங்கச்சி கொடுத்ததை எறிய மனசு வரவில்லை.

கப்பலில் மெட்ராஸ் ஆயா ஒருத்தி, திரும்பி வர டிக்கெட் தராமல் லண்டனில் ஆயாக்களைக் கைவிட்ட துரைசாணிகளைப் பற்றிக் கதை கதையாகச் சொன்னாள். அன்றைக்கே மரியகுழந்தை பொட்டலத்தைப் பழைய புடவையில் மூன்று சுற்று சுற்றிப் பெட்டியின் அடியில் அமுக்கி வைத்தாள்.

கேப்டனின் சொந்த ஊர் கார்ன்வால் கடற்கரையில் இருந்தது. அவருடைய அக்கா வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அசதியில் மரியகுழந்தை பெட்டியைக்கூடத் திறக்காமல் தூங்கிப்போனாள்.

காலையில் அவளை எழுப்பியதே கருவாட்டு வாசனைதான். வீடு முழுக்க வீசியது. பெட்டியைக் குடைந்து, பொட்டலத்தை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். துரைசாணி மேஜை முன்னால் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, தப்புதான். தங்கச்சி குடுத்துட்டா, எறிய மனசு வர்ல. இந்த ஊர்ல என்னை விட்டுடாதீங்கம்மா."

துரைசாணிக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா குடுத்தா?"

"கருவாடு."

அடுப்பின் முன்னால் நின்ற கேப்டனின் அக்கா திரும்பினாள். அவள் கையிலிருந்த இரும்புக் கம்பித் தட்டியில், உப்புப் போட்டுப் பதம் செய்த மீன்கள் வரிசையாக வெந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கை நீளம்.

துரைசாணி கைக்குட்டையை எடுத்தாள். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். "இது அவங்க மீன், ஆயா. உங்க கேப்டன் பொறந்ததுலேர்ந்து தின்னதே இதுதானாம். ஊரிகத்தை விட்டா இந்த நாத்தத்துலேர்ந்து தப்பிச்சேன்னு நெனச்சேன்."

அவள் இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னதும் அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொட்டலத்தைக் கொண்டுவரச் சொன்னாள். நெத்திலியை மோந்து பார்த்துத் தலையாட்டி, ஒரு பிடி அள்ளித் தட்டியில் போட்டாள். முதல் நெத்திலியைக் குழந்தை பிடுங்கித் தின்றது. துரைசாணி ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

"டிக்கெட்டு..." என்று மரியகுழந்தை இழுத்தாள்.

"உன் திரும்பற டிக்கெட்டு என் பெட்டியில கீது. கப்பலேறும்போதே எடுத்தாச்சு. உக்காந்து சாப்பிடு."

மரியகுழந்தை தரையில் உட்காரப் போனாள். அக்கா கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். மரியகுழந்தை ரொட்டியும் சுட்ட மீனுமாக மூன்று தட்டு தின்றாள். கப்பலேறிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவளுக்கு வயிறு நிறைந்தது.