டீச்சர் கைக்குப் போன முதல் பாகம்

கதைகளில் மன்னிக்கிற பெண்களை எனக்குப் பிடிக்காது. அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது. கணவன் அடிப்பான், மாமியார் பட்டினி போடுவாள், தம்பி சொத்தை எழுதி வாங்கிக்கொள்வான். கடைசி அத்தியாயத்தில் இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் காபி போட்டுக் கொடுப்பாள். படிக்கிற எனக்கு வயிறு எரியும். எரிந்ததையெல்லாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பேன். 'இவளுக்குச் சூடு சொரணையே கிடையாதா?' 'காபியில் பேதி மாத்திரையைப் போடடி.'

எண்பதுகளின் கடைசியில் நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஆவடி ஃபாக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை அம்மா வாராவாரம் கிழித்துச் சேர்ப்பாள். கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசை காய்ச்சி, பழைய காலண்டர் தாளை அட்டைக்கு ஒட்டிப் புத்தகமாக்கிவிடுவாள். குவார்ட்டர்ஸில் பாதி வீடுகளில் இதுதான் நூலகம். நான் படித்து முடித்ததும் அம்மா இன்னொரு தரம் படிப்பாள், என் ஓரக்குறிப்புகளுக்காகவே. "ஏட்டி, கதையவிட ஒன் ஏச்சுல்லா நல்லாருக்கு," என்பாள்.

அந்த வருஷம் ஒரு தொடர்கதை எங்களைப் பாடாய்ப் படுத்தியது. பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு இன்னொருத்தியோடு ஓடிப்போனவன், உடம்பு முழுக்க நோயோடு ஒரு நாள் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். அந்த இடம் வருவதற்குள் கட்டு தடித்துவிட்டது. இதற்கு மேல் ஊசி இறங்காது என்று அம்மா அதுவரைக்கும் தைத்து முதல் பாகமாக்கினாள். மிச்சமிருந்த சில வாரத் தாள்கள் அரிசி டின்னின் மேல் சும்மா கிடந்தன. முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதியிருந்தேன்: 'திறக்காதே. திறந்தால் உன் காலை உடைப்பேன்.'

புத்தி கெட்டுப்போய் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். கெமிஸ்ட்ரி வகுப்பில் மடியில் வைத்துப் படிக்கும்போது டீச்சர் பிடுங்கிவிட்டார். பிடுங்கினால் பிடுங்கட்டும், திட்டியிருக்கலாம், வெளியே நிற்கவைத்திருக்கலாம். அவர் என் ஓரக்குறிப்புகளை ஒவ்வொன்றாக, ஏற்ற இறக்கத்தோடு, வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். இதிலும் நான் எழுதியிருந்த பேதி மாத்திரைக்கு வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் அப்பாவை வரச்சொன்னார். ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்த அப்பா, அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கதை படிக்கிற பொண்ணு கெட்டுத்தான் போகும். பரீட்சை முடிஞ்சதும் புக்கை வாங்கிக்கட்டும்," என்றார் டீச்சர். அப்பா அப்படிக் கைகட்டி நின்று அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

அதன்பிறகு அயனம்பாக்கத்திலிருந்து வரும் ஒருத்தி தினமும் காலையில், "இன்னாடி, இன்னிக்கி யாரு கால ஒடைக்கப் போற?" என்று கேட்டுவிட்டுத்தான் பையையே கீழே வைப்பாள். வீட்டுக்குப் போனால் அம்மா, "பொஸ்தகத்தக் குடுத்தாளா இல்லியா? நான் கை நோகத் தச்சதுட்டி," என்பாள். எனக்கு அந்தப் புத்தகம் திரும்ப வேண்டும். அதைவிட, டீச்சருக்கு எங்கேயாவது வலிக்க வேண்டும்.

ஒரு நாள் மதியம் ரெக்கார்ட் நோட்டு வைக்க ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்தபடி சாப்பிடாமல் எதையோ படித்துக்கொண்டிருந்தார். வருகைப் பதிவேட்டுக்குள்ளிருந்து எங்கள் காலண்டர் அட்டை எட்டிப் பார்த்தது. ஊருக்குத்தானே உபதேசம். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

சில நாள் கழித்து வராண்டாவில் என்னை நிறுத்தினார். குரலில் ஒரே தேன்.

"உங்க வீட்ல அந்தப் பத்திரிகை இன்னும் வாங்கறீங்களா?"

"இல்ல டீச்சர். கதை படிச்சா கெட்டுப்போவேன்னு நீங்க சொன்னீங்கல்ல, அப்பா நிறுத்திட்டாரு. பழைய தாளையெல்லாம் எடைக்குப் போட்டுட்டாரு."

பச்சைப் பொய். அந்த வார இதழைக் காலையில்தான் படித்துவிட்டு வந்திருந்தேன்; மிச்சத் தாள்களும் அரிசி டின்னின் மேலேயே இருந்தன. டீச்சர் முகம் வாடியதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். தொடர் முடிந்து வெகுநாளாகிவிட்டதால் கடையில் கிடைக்காது. நாவல் படிக்காதே என்று பள்ளிக்கூடத்துக்கே ஓதியவர், வேறு யாரிடம் போய்க் கேட்பார்? தவிக்கட்டும் என்று விட்டேன். பரீட்சை முடியும்வரை அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு குளிர்ந்தது.

கடைசிப் பரீட்சை அன்று ஸ்டாஃப் ரூமில் அவர் மட்டும் இருந்தார். புத்தகத்தை நீட்டினார், ஆனால் விடவில்லை. ஒரு முனை அவர் கையில், ஒரு முனை என் கையில்.

"தொறக்காதேன்னு நீ எழுதியிருந்தியே. அவ கேட்டாளா?"

"நீங்களா இருந்தா என்ன டீச்சர் பண்ணியிருப்பீங்க?" திமிராகத்தான் கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நான் தொறந்துட்டேன்டி. இன்னிவரைக்கும் ஆக்கிப் போட்டுக்கிட்டுக் கிடக்கறேன்."

வேறு யாராவது நல்ல பெண்ணாக இருந்திருந்தால் அங்கே மனம் இளகியிருக்கும். எனக்கு அப்பா கைகட்டி நின்றதுதான் கண்ணில் நின்றது. அடிக்க இடம் கிடைத்துவிட்டது.

"அவ தொறக்கவேயில்ல டீச்சர். தட்டித் தட்டிப் பார்த்துட்டுப் போயிட்டான்," என்றேன். ஒருத்தி திறக்காமல் இருந்தாளாம், நீங்கள்தான் திறந்துவிட்டீர்கள் என்று குத்தத்தான் சொன்னேன்.

டீச்சரின் கை புத்தகத்தை விட்டது. முகம் அப்படி மலர்ந்தது.

"அப்படிப் போடு," என்றார். "ஒருத்தியாவது தொறக்காம இருந்தாளே. அது போதும்."

புத்தகத்தை அம்மாவிடம் கொடுத்தேன். டீச்சருக்கு மட்டும் நான் விரும்பியது நடக்கவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பழி வாங்கப் போன இடத்தில் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்: அவள் திறந்தாள், டீச்சர். வெந்நீர் வைத்துக் கொடுத்து, ரசம் சாதம் பிசைந்து ஊட்டினாள். அதுதான் வலித்திருக்கும்.